மெதுவாகப் பாடிய மனிதர்: 1958இன் 'விட்ச் டாக்டர்' பாட்டும் ஆல்வின் குரலும்

வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை 2 மடங்கு வேகத்தில் கேட்டால், பேசுபவர் அவசரமாகப் பேசுகிறார், அவ்வளவுதான். குரல் கீச்சிடுவதில்லை. ஆனால் ரீல்ஸில் 'ஸ்பெட் அப்' என்று தலைப்பிட்டு வரும் பாட்டுகளில் ஆண் பாடகர் பெண் பாடகராகிவிடுகிறார். சரி, அதையே இன்னும் கொஞ்சம் முடுக்கினால் 'ஆல்வின் அண்ட் தி சிப்மங்க்ஸ்' அணில்களின் குரல் வந்துவிடும் என்று முயன்று பார்த்தால், அதுவும் வருவதில்லை. சொற்கள் குழைந்துபோய் ஒரு கீச்சொலிதான் மிஞ்சுகிறது. ஏன் இப்படி என்று நேயர்கள் விடாமல் கேட்டுவருகிறார்கள். ஆப் சரியில்லையா, மைக் சரியில்லையா, குரலே சரியில்லையா?

மூன்றிலும் குறையில்லை. பாடியவர் வழக்கமான வேகத்தில் பாடிவிட்டார், அதுதான் விஷயம். ஆல்வின் குரலை உருவாக்கிய ராஸ் பாக்தசாரியன் மெதுவாகப் பாடினார். பாதி வேகத்தில் பாடினார். இந்த ஒரு செய்தி இந்தக் காணொளியில் திரும்பத் திரும்ப வரும். ஏனென்றால் இந்தக் குரலைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 'வேகப்படுத்தினார், வேகப்படுத்தினார்' என்றே எழுதுகிறார்கள். வேகப்படுத்தியது டேப் ரெக்கார்டர். மனிதர் செய்த வேலை வேறு.

1958ஆம் ஆண்டுக்குப் போகலாம். அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் கொடிகட்டிப் பறந்த காலம். மார்ச் 24 அன்று எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்தில் சேர்ந்தார். அடுத்த மாதக் கடைசியில் பில்போர்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்த பாட்டு 'விட்ச் டாக்டர்'. பாடியவர் பெயர் டேவிட் செவில். காதலில் தோற்ற ஒருவன் மந்திர வைத்தியரிடம் யோசனை கேட்கிறான். அவர் பொருளே இல்லாத சில ஓசைகளைச் சொல்லித் தருகிறார். அவன் போய் அதைக் காதலியிடம் சொல்கிறான். கதை மொத்தமே இவ்வளவுதான். கேட்பவன் சாதாரண மனிதக் குரலில் பாடுகிறான். வைத்தியர் மட்டும் ஒரு சாண் உயரமுள்ள ஏதோ ஒரு ஜீவனின் குரலில் பாடுகிறார். இரண்டு குரலும் ஒரே ஆளுடையவை.

டேவிட் செவில் என்பதும் புனைபெயர்தான். ராஸ் பாக்தசாரியன் 1919 ஜனவரி 27 அன்று கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். ஃப்ரெஸ்னோ உலர்திராட்சைக்குப் பேர்போன ஊர். அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஆர்மீனியர்கள் ஏராளம், பாக்தசாரியன் குடும்பமும் அதில் ஒன்று. போர்க்காலப் படைச் சேவையில் பழக்கமான ஸ்பானிய நகரம் செவில். அந்த ஊர்ப் பெயரையே பின்னாளில் இசைத்தட்டில் தன் பெயராக்கிக்கொண்டார்.

1958 தொடக்கத்தில் அவர் கையில் பெரிதாகப் பணமில்லை. மிச்சமிருந்த 200 டாலரில் 190 டாலரைக் கொடுத்து ஒரு வி-எம் டேப் ரெக்கார்டர் வாங்கினார் என்பது அவரைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் சொல்லும் கதை. மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒரு மனிதர் வீட்டிலிருந்த கடைசிப் பணத்தை ஓர் இயந்திரத்தில் போட்டார். புத்தக அலமாரியில் 'விட்ச் டாக்டர்' என்ற சொற்கள் தலைப்பில் வரும் ஒரு நூல் கண்ணில் பட்டது, பாட்டுக்குக் கரு அங்கிருந்து கிடைத்தது. இசையும் தயாராகிவிட்டது. வைத்தியருக்கு என்ன குரல் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

அந்தக் கால வீட்டு டேப் ரெக்கார்டர்களில் பொதுவாக இரண்டு வேகங்கள் இருந்தன: விநாடிக்கு ஏழரை அங்குலம், மூன்றே முக்கால் அங்குலம். ஒன்று மற்றதில் சரிபாதி. பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓடவிட்டால் ஒவ்வொரு அதிர்வும் இரட்டிக்கும். 200 ஹெர்ட்ஸில் பாடிய சுரம் 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். ஸ்ருதி மாறாது, பாடியது ஸ என்றால் கேட்பதும் ஸ தான். கூடவே கால அளவு பாதியாகும். நான்கு விநாடி பாடியது இரண்டு விநாடியில் முடிந்துவிடும்.

இங்கேதான் பாக்தசாரியனின் கைத்திறன். பின்னணி இசையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அந்த மந்தமான இசையோடு ஒட்டி, ஒவ்வொரு அசையையும் இரண்டு மடங்கு நேரம் இழுத்து, அவர் நிதானமாகப் பாடினார். கச்சேரி கேட்பவர்களுக்கு இது உடனே புரியும்: வர்ணத்தை முதல் காலத்தில் பாடினார், கேட்பவர் காதில் அது இரண்டாம் காலமாக விழுந்தது. முழு வேகத்தில் ஓடவிட்டபோது இசை இயல்பாக ஒலித்தது, தாளம் கச்சிதமாக நின்றது, குரல் மட்டும் வேறு உலகத்திலிருந்து வந்தது.

சொற்கள் ஏன் தெளிவாகக் கேட்டன? இயல்பாகப் பேசும்போது விநாடிக்கு நான்கைந்து அசைகள் வரும். அந்தப் பேச்சை இரட்டை வேகமாக்கினால் பத்து அசைகள். காது திணறும். க, ட, த, ப போன்ற வல்லின எழுத்துகள் வெடிக்கும் கணம் ஒரு விநாடியில் மிகச் சிறு பங்குதான். அதையும் பாதியாக்கினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாதி வேகத்தில், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அழுத்திப் பாடினால், வேகப்படுத்திய பிறகு அசைகள் மறுபடி விநாடிக்கு நான்கைந்தாக வந்து நிற்கும். உயரம் மட்டும் ஏறியிருக்கும். ரீல்ஸ் பாட்டில் வேகமும் உயரமும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆல்வின் பாட்டில் வேகம் பாட்டுக்குரிய வேகத்திலேயே இருக்கிறது. மெதுவாகப் பாடியதன் பலன் அது.

வாட்ஸ்அப் புதிரையும் இங்கேயே முடித்துவிடலாம். அதில் நடப்பது முற்றிலும் வேறு. மென்பொருள் ஒலியைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, சிலவற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுகிறது. அதிர்வெண் தொடப்படுவதில்லை, நேரம் மட்டும் குறைகிறது. யூடியூபின் வேக அமைப்பும் அப்படித்தான். அங்கே எத்தனை மடங்கு வைத்தாலும் அணில் வராது.

இன்னொரு கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது: ஒரு ஸ்தாயி மேலே போனால் குழந்தைக் குரல்தானே வரவேண்டும், ஏன் ஒரு பிராணியின் குரல் போலிருக்கிறது? இது அருமையான கேள்வி, விடையும் அதைவிட அருமை. குரல்நாண் எழுப்பும் சுரம் ஒரு பக்கம். அந்த ஒலி தொண்டையிலிருந்து உதடு வரை வரும் குழல் இன்னொரு பக்கம். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழல் சுமார் 17 செ.மீ. நீளம். அ, இ, உ என்ற உயிரெழுத்துகளின் சாயலைத் தீர்மானிப்பது அந்தக் குழலின் ஒத்ததிர்வுகள். டேப்பின் வேகத்தை இரட்டிக்கும்போது சுரத்தோடு சேர்ந்து அந்த ஒத்ததிர்வுகளும் இரட்டிக்கின்றன. காது அதைக் கேட்டு, பாடுபவரின் குழல் எட்டரை செ.மீ. என்று கணக்குப் போடுகிறது. பிறந்த குழந்தைக்குத்தான் ஏறக்குறைய அந்த அளவு. பேசத் தொடங்கும் வயதில் குழந்தையின் குழல் அதைவிட நீண்டுவிடும். பச்சிளம் குழந்தையின் தொண்டை, முதிர்ந்த மனிதனின் உச்சரிப்பு: இப்படி ஒரு ஜீவன் இயற்கையில் எங்கும் கிடையாது. மனம் அதற்கு ஒரு சின்ன உடலைத் தானே கற்பனை செய்துகொள்கிறது.

ரீல்ஸ் பாட்டுகள் பெரும்பாலும் ஒன்றேகால் மடங்கை ஒட்டியே இருக்கும். 17 செ.மீ. குழலை ஒன்றேகாலால் வகுத்தால் பதின்மூன்றரைக்குச் சற்று மேல் வரும். அது ஒரு பெண்ணின் குழல் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆண் பாடகர் பெண் பாடகராவதன் கணக்கு அதுதான்.

இந்த உத்தியை பாக்தசாரியன் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. 1939இன் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மன்ச்கின் குரல்கள் இப்படித்தான் பதிவாயின. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் மெல் பிளாங்க் கொடுத்த டாஃபி டக் குரலும் வேகமாற்றம் பெற்றதுதான். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1948இல் வெளியிட்ட 'லவ்வர்' இசைத்தட்டில் பாதி வேகத்தில் பதிந்த கிட்டார்கள் சிறகடிக்கின்றன. பாக்தசாரியனின் சாதனை என்னவென்றால், அந்தக் குரலை வெறும் ஓசையாக விடாமல் ஒரு பாத்திரமாக்கினார், அதற்கு எதிரே தன் சொந்தக் குரலை நிறுத்தி இரண்டுக்கும் இடையே ஒரு உறவை எழுதினார்.

'விட்ச் டாக்டர்' என்ற கருத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழங்குடி வைத்தியர்களை உளறும் கோமாளிகளாகக் காட்டுவது காலனிய காலம் விட்டுச்சென்ற பழக்கம். 1950களின் அமெரிக்கப் படங்களிலும் காமிக்ஸிலும் அது நிறையவே உண்டு. இந்தப் பாட்டும் அதே மண்ணில் முளைத்ததுதான். பாட்டின் தொழில்நுட்பத்தை வியக்கும்போது இதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. வைத்தியரின் இடத்தில் அணில்கள் வந்த பிறகு அந்தக் குரல் இன்னும் நன்றாக வாழ்ந்தது என்பதும் உண்மை.

பாக்தசாரியன் முகத்தைத் தமிழ் சினிமா ரசிகர்கள் பலரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், யாரென்று தெரியாமல். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954). கால் உடைந்து நாற்காலியில் கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா? ஒரு ஜன்னலில் பியானோ முன் உட்கார்ந்து ஒரு மெட்டோடு படம் முழுக்கப் போராடும் இசையமைப்பாளர் வருவார். அவர்தான் இவர். ஹிட்ச்காக் தன் வழக்கமான சிறு தோற்றத்தை அந்த அறையில்தான் வைத்திருக்கிறார். பியானோவுக்குப் பக்கத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். படத்துக்காக அந்த மெட்டை அமைத்தவர் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன். பாட்டு வராமல் தவிக்கும் ஓர் இசையமைப்பாளரை பாக்தசாரியன் நடித்துக் காட்டி நான்கே ஆண்டுகளில், தன் வீட்டில், குரல் கிடைக்காமல் அதே தவிப்பைப் பட்டார்.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய வெற்றி இருக்கிறது. 1939இல் நியூ மெக்சிகோ வழியாகக் காரில் போகும்போது, தன் உறவினரோடு சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார். அந்த உறவினர் எழுத்தாளர் வில்லியம் சரோயன். 'தி டைம் ஆஃப் யுவர் லைஃப்' நாடகத்துக்காக 1940இல் புலிட்சர் பரிசு பெற்று, அந்தப் பரிசை வேண்டாம் என்று மறுத்தவர். அந்த நாடகத்தின் பிராட்வே மேடையேற்றத்தில் பாக்தசாரியனுக்கும் ஒரு சிறு வேடம் உண்டு. காரில் பிறந்த பாட்டு 'கம் ஆன்-அ மை ஹவுஸ்'. ஆர்மீனிய நாட்டுப்புற மெட்டின் சாயல், வீட்டுக்கு வா வா என்று பழங்களையும் இனிப்புகளையும் அடுக்கி அழைக்கும் விருந்தோம்பல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1951இல், கொலம்பியா நிறுவனத்தின் மிட்ச் மில்லர் அதை ரோஸ்மேரி க்ளூனியிடம் கொடுத்தார். நடிகர் ஜார்ஜ் க்ளூனியின் அத்தை அவர். அவருக்கு அந்தப் பாட்டே பிடிக்கவில்லை; ஆனாலும் பாடினார். ஹார்ப்சிகார்டு என்ற பழைய ஐரோப்பிய வாத்தியம் படபடவென்று பின்னணியில் ஓட, பாட்டு முதலிடத்துக்குப் போனது.

இந்தக் கிளைக்கதை இங்கே தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 'விட்ச் டாக்டர்' போன்ற பாட்டுகளை விளையாட்டுப் பாட்டு, ஒருநாள் கூத்து என்று ஒதுக்குவது வழக்கம். அதைச் செய்தவரோ இருபது ஆண்டு நாடகம், சினிமா, மெட்டமைப்பு என்று பழகி வந்தவர். 1956இல் மனைவியின் பெயரில் 'ஆர்மென்ஸ் தீம்' என்று நயமான ஒரு மெட்டும் வெளியிட்டார். மெதுவாகப் பாடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. பாட்டு எந்த வேகத்தில் கேட்பவரைச் சேரவேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடத் தெரிந்த ஓர் இசைக்காரனின் முடிவு அது.

'விட்ச் டாக்டர்' வெற்றியைத் தொடர்ந்து அந்தக் குரல் 1958 முழுக்க எங்கும் கேட்டது. ஜூனில் ஷெப் வூலியின் 'தி பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்' முதலிடத்துக்கு வந்து ஆறு வாரம் இருந்தது. அதிலும் வேகப்படுத்திய குரல் உண்டு, வேகப்படுத்திய சாக்ஸஃபோனும் உண்டு. வூலி 'ஹை நூன்' படத்தின் வில்லன்களில் ஒருவராக நடித்தவர். ஹாலிவுட்டில் நூற்றுக்கணக்கான படங்களில் ஒலிக்கும் 'வில்ஹெல்ம் அலறல்' அவருடைய குரல் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்தக் கோடையில் டெக்ஸாஸின் வானொலி அறிவிப்பாளர் ஜே. பி. ரிச்சர்ட்சன், தி பிக் பாப்பர் என்ற பெயரில், ஈட்டரும் டாக்டரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று ஒரு பாட்டு பதிவு செய்தார். இரண்டு வெற்றிகளையும் ஒரே தட்டில் பிடித்துவிடலாம் என்ற திட்டம். மக்கள் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைக் கேட்டார்கள். அந்த மறுபக்கம்தான் 'ஷான்டிலி லேஸ்', ராக் அண்ட் ரோலின் நிரந்தரப் பாட்டுகளில் ஒன்று. 1959 பிப்ரவரி 3 அன்று பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ் ஆகியோரோடு விமான விபத்தில் ரிச்சர்ட்சன் இறந்தார். வேகப்படுத்திய குரல்களின் கதையைத் தேடிப்போனால் ராக் அண்ட் ரோலின் மிகத் துயரமான நாள்வரை வழி போகிறது.

இப்போது அணில்கள். பாக்தசாரியனின் இளைய மகன் செப்டம்பர் மாதமே கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரிக்கத் தொடங்கினானாம். யோசெமிட்டி பகுதியில் கார் ஓட்டிப்போனபோது ஒரு சிப்மங்க் நடுச்சாலையில் நின்று வழிவிட மறுத்ததாம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பாட்டு என்று அவர் சொல்வது வழக்கம். 1958 கடைசியில் 'தி சிப்மங்க் சாங்' வந்தது. மூன்று அணில்களுக்கும் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட லிபர்டி நிறுவனத்தில் இருந்தவர்களின் பெயர்கள்: தலைவர் ஆல் பென்னட் ஆல்வினானார், நிறுவனர் சைமன் வாரன்கர் சைமனானார், ஒலிப்பொறியாளர் டெட் கீப் தியோடரானார். லிபர்டி பணநெருக்கடியில் இருந்த நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவை டேவிட் செவில் இசைத்தட்டுகள். சிப்மங்க் பாட்டு 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த ஆகஸ்டில்தான் தொடங்கியிருந்த பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் டிசம்பர் 22 முதல் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு அடுத்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது 2019இல்தான். மரியா கேரி. இடையில் அறுபது ஆண்டுகள்.

இந்தப் பாட்டில் வேலை மும்மடங்கு. மூன்று அணில்களின் குரலையும் பாக்தசாரியனே தனித்தனியாக, மெதுவாகப் பாடி அடுக்கவேண்டும். ஆல்வினைக் கூப்பிட்டுக் கத்தும் டேவிட் செவிலின் குரல் மட்டும் இயல்பு வேகத்தில் இருக்கவேண்டும். நான்கு பேரும் அடுத்தடுத்துப் பேசிக்கொள்ளும்போது ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சில் இடிக்காமல் விழவேண்டும். 1959 மே மாதம் நடந்த முதல் கிராமி விழாவில் இந்தப் பாட்டு மூன்று விருதுகள் வாங்கியது: நகைச்சுவைக்கு ஒன்று, குழந்தைகள் இசைத்தட்டுக்கு ஒன்று, மூன்றாவது ஒலிப்பதிவுப் பொறியியலுக்கு. மூன்றாவது டெட் கீப்புக்கு, அதாவது தியோடருக்கு. ஆண்டின் சிறந்த இசைத்தட்டு வரிசையிலும் ஃபிராங்க் சினாட்ராவுக்கும் பெகி லீக்கும் பக்கத்தில் இந்த அணில்களின் பெயர் இருந்தது. பரிசு இத்தாலியின் டொமெனிக்கோ மொடூஞ்ஞோவுக்குப் போனது. பொறியாளர்கள் இதன் அருமையை அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பொறியியல் விருதைவிட என்ன சான்று வேண்டும்?

மெதுவாகப் பாடினார் என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். பழைய ரெக்கார்டு பிளேயர்கள் சிலவற்றில் 78, 45, 33 தவிர 16 என்று நான்காவது வேகம் ஒன்று இருந்தது. அது 33இல் ஏறக்குறைய பாதி. கனடா இசைக்கலைஞர் பிரையன் போர்ச்சர்ட் சிப்மங்க்ஸ் இசைத்தட்டுகளை அந்த 16 வேகத்தில் ஓடவிட்டுப் பதிவு செய்தார். 2015இல் அது இணையமெங்கும் பரவியது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். டிரம்ஸும் கிட்டாரும் கனத்த இருண்ட முழக்கமாக இழுபடுகின்றன, அவற்றின் நடுவே சாதாரண மனிதக் குரல்கள், சற்றே சோகமாக, மிகத் தெளிவாகப் பாடுகின்றன. வாத்தியங்கள் இயல்பு வேகத்தில் வாசிக்கப்பட்டவை, அதனால் பாதி வேகத்தில் உருக்குலைகின்றன. குரல்கள் பாதி வேகத்தில் பாடப்பட்டவை, அதனால் பாதி வேகத்தில் தம் சொந்த உருவத்துக்குத் திரும்புகின்றன. அந்தத் தட்டுகள் மகன் ராஸ் பாக்தசாரியன் ஜூனியரும் ஜானிஸ் கார்மனும் 1980களில் நடத்திய சிப்மங்க்ஸின் தட்டுகள். 1972 ஜனவரியில் 52 வயதில் தந்தை இறந்த பிறகு, அதே முறையை மகன் அப்படியே எடுத்துக்கொண்டார்.

1980இல் சிப்மங்க்ஸ் திரும்பி வந்த கதையை வைத்துச் சிலர் மறுப்பார்கள். பிலடெல்ஃபியாவில் ஒரு வானொலி அறிவிப்பாளர் பிளான்டி குழுவின் பாட்டுத் தட்டை 33க்குப் பதிலாக 45இல் போட்டு, இதோ சிப்மங்க்ஸின் புதிய பாட்டு என்று விளையாட்டாகச் சொல்ல, கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள். அதிலிருந்துதான் 'சிப்மங்க் பங்க்' ஆல்பம் பிறந்தது. சும்மா வேகப்படுத்தியதே போதுமானதாக இருந்ததே என்று கேட்கலாம். ஆனால் அடுத்து என்ன நடந்தது? ஆல்பம் போட உட்கார்ந்தபோது ஜூனியர் அந்தத் தட்டை வேகப்படுத்தி வெளியிடவில்லை. மைக் முன்னால் நின்று மெதுவாகப் பாடினார்கள். வானொலியில் ஒருமுறை ஏமாற்ற அது போதும், திரும்பத் திரும்பக் கேட்க வைக்க இது வேண்டும்.

தீவிர இசையிலும் இதே வித்தை உண்டு. பீட்டில்ஸின் 'இன் மை லைஃப்' (1965) பாட்டின் நடுவில் வரும் பியானோ பகுதி பாதி வேகத்தில் பதிவானது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதை நிதானமாக வாசித்தார்; இரட்டை வேகத்தில் அது ஹார்ப்சிகார்டு போல மின்னுகிறது. அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. 1958இல் வி-எம் டேப் ரெக்கார்டர் முன்னால் நின்ற மனிதருக்கும் அதே மரியாதை சேரவேண்டும்.

நேரம் முடியப்போகிறது, கேட்டவர்களுக்காகச் செய்முறை. கரோக்கி இசையை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து 0.5 மடங்கு ஆக்குங்கள். கவனிக்கவேண்டியது: டெம்போ மட்டும் மாற்றும் கட்டளை வேண்டாம், சுரமும் சேர்ந்து இறங்கும் வேகக் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். இசை ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில் ஓடும். ஹெட்ஃபோனில் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு, உங்கள் இயல்பான குரல் உயரத்தில், மெதுவாகப் பாடுங்கள். வல்லின எழுத்துகளை வேண்டுமென்றே கூடுதலாக அழுத்துங்கள். கமகமோ குரல் நடுக்கமோ வேண்டாம். பாடகரின் இயல்பான நடுக்கம் விநாடிக்கு ஐந்தாறு முறை, அது பத்துப் பன்னிரண்டாகி ஆட்டுக்குட்டி கத்தலாகிவிடும். மூச்சை வரிக்கு நடுவில் இழுக்காதீர்கள், வேகப்படுத்தினால் விசில் சத்தம் வரும்.

பிறகு குரலை மட்டும் 2 மடங்காக்கி, மூல கரோக்கியோடு சேர்த்துவிடுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் காதைக் குத்தினால் ஈக்வலைசரில் உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் இறக்குங்கள். போன் எடிட்டரில் செய்பவர்கள் பிட்ச் மாறாமல் வைக்கும் தெரிவை அணைத்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்டவேண்டும், அது பெரும்பாலும் தானாகவே இயக்கத்தில் இருக்கும். 2 மடங்கு அதிகம் என்று தோன்றினால் 1.6இல் முயன்று பாருங்கள்; அப்போது கரோக்கியை 0.5க்குப் பதிலாக 0.625இல் ஓடவிட்டுப் பாடவேண்டும்.